ஜன்னல் பக்கம் மறையும் சுழல்கள்

ஜெபசுதா பல்குத்தும் குச்சியின் நுனியால் வெள்ளிப்பசையைத் தொட்டு எடுத்தாள். அரைக் கடுகு அளவுதான். அதற்கு மேல் எடுத்தால் வழியும், குறைந்தால் பிடிக்காது. இடது கையிலிருந்த இடுக்கி தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பி ஒன்றைப் பிடித்திருந்தது. இந்த மாதிரி வேலையில் பலர் மூச்சை அடக்குவார்கள். அடக்கினால் கை நடுங்கும். அவள் மெதுவாக மூச்சை விட்டுக்கொண்டே கம்பியின் நுனியைச் சிலிக்கான் சில்லின் ஓரத்தில் இருத்தி, மேலே பசையை ஒற்றினாள். பசை காய்ந்து மங்கும்வரை இடுக்கியை அசைக்கவில்லை.

"ஒட்டிட்டா மேடம்?" என்று வாசலிலிருந்து பேச்சிச்செல்வி கேட்டாள். இயற்பியல் துறையின் ஆய்வக உதவியாளர் அவள். ஏரலுக்குப் பக்கத்து வயல்காட்டு ஊரிலிருந்து தினமும் பஸ் ஏறித் தூத்துக்குடிக்கு வருகிறவள். ஜெபசுதாவுக்கு மூத்தவள்.

"ஒட்டிட்டு, பேச்சியக்கா. ஃபேனை மட்டும் போட்டுராதிய. இன்னும் கொஞ்ச நேரம் பொறுங்க."

"வேர்த்து ஊத்துது. ஒரு நூலை ஒட்டுததுக்கு ஊரையே மூச்சு விடாதன்னுருவிய போலிருக்கு."

"ஊரு விடட்டும். நீங்க தும்மாம இருந்தாப் போதும்."

சில்லு சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அதன்மேல் உலோகப் படலம் ஒன்று நீளமான பட்டையாகப் படிந்திருந்தது. பட்டையின் அகலம் தலைமுடியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. கனம் அதைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைவு. வெறும் கண்ணுக்குச் சில்லின்மேல் ஒரு கீறல் மாதிரித்தான் தெரியும். இந்தக் கீறலை அனுப்பியவர் அருணாசலவடிவு. வடக்கே ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் பேராசிரியர். ஆராய்ச்சி மாணவியாக இருந்த காலத்தில் ஜெபசுதாவுக்கு மூத்த தோழி. தன் ஊர்க் கோயில் கொடைவிழாவுக்கு வருகிறவர், மறுநாள் காலை கல்லூரிக்கும் வருவதாகச் சொல்லியிருந்தார். இந்தப் பட்டையில் காந்தச் சுழல்கள் ஒழுங்காக ஓடுவதைப் பார்த்தால் அடுத்துச் செய்யும் பட்டைகளையும் இங்கேயே தருவார். ஓடவில்லையென்றால் அவை வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றுக்குப் போகும். அதில் கோபப்பட ஒன்றும் இல்லை. பட்டை செய்வது லேசான வேலை இல்லை. உருப்படியாகப் பார்க்கத் தெரிந்தவர்களிடம்தான் கொடுப்பார்கள்.

பட்டைகள் வராமல் போனால் ஜெபசுதாவின் கருவி சும்மா நிற்கும். அவளுக்குப் பாடம் நடத்துவதும் விடைத்தாள் திருத்துவதும் மிஞ்சும். அதுவும் ஒரு வேலைதான், அவள் அதைக் குறைவாக நினைத்தவள் இல்லை. ஆனாலும் இரண்டும் இருந்த நாட்களில் அவள் வீட்டுக்குப் போகும்போது நடை வேறு மாதிரி இருக்கும். அது அவள் கணவனுக்குத் தெரியும், பேச்சிச்செல்விக்கும் தெரியும்.

ஜெபசுதா நாசரேத்தில் பிறந்தவள். அப்பா மிஷன் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்குகிறவராக இருந்தார், அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டில் எல்லாவற்றுக்கும் அளவு உண்டு. சீனியும் அளந்துதான், பேச்சும் அளந்துதான். படிப்பில் கெட்டிக்காரி என்று மேலே மேலே அனுப்பினார்கள். பெங்களூரில் காந்தப் படலங்களில் ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கினாள். அடுத்து வெளிநாடு போவாள் என்று எல்லோரும் நினைத்திருந்தபோது அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அவள் வந்தாள். குளிப்பாட்டினாள், புரட்டிப் போட்டாள், முதுகில் புண் வராமல் பார்த்துக்கொண்டாள். அவர் போன பிறகு தூத்துக்குடிக் கல்லூரியில் வேலை கிடைத்தது, துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் டிக்சனோடு கல்யாணம் நடந்தது, மில்லர்புரத்தில் வீடு அமைந்தது. போயிருக்கலாமே என்று யாராவது இழுத்தால், "போயிருந்தா அங்கயும் எட்டு மணிக்குச் சமைக்கணும்லா" என்பாள். அதற்கு மேல் அந்தப் பேச்சு நீளாது.

கருவியை அவளே கட்டினாள். நிலவியல் துறை கழித்துப் போட்ட பழைய நுண்ணோக்கி ஒன்று கிடைத்தது. பாறைத் துண்டுகளைப் பார்ப்பதற்கு வாங்கியது. ஒளியை ஒரே திசையில் அதிர வைத்து அனுப்பும் வசதி அதில் இருந்தது. காந்தப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி, அங்கே காந்தம் மேல்நோக்கி இருக்கிறதா கீழ்நோக்கி இருக்கிறதா என்பதைப் பொறுத்து மிகச் சிறிது திரும்பும். அந்தத் திருப்பத்தைக் கேமராவில் பிடித்தால் மேல்நோக்கிய இடம் வெளுப்பாகவும் கீழ்நோக்கிய இடம் கறுப்பாகவும் திரையில் விழும். துறைமுகச் சாலையில் கண்டெய்னர் லாரிகள் போகும்போதெல்லாம் படம் குலுங்கியது. சமையல் மேடைக்கு விற்கிற கிரானைட் பலகை ஒன்றை வாங்கி, ஸ்கூட்டர் டியூபுகளில் அரைக்காற்று அடைத்து, அவற்றின்மேல் பலகையையும் அதன்மேல் நுண்ணோக்கியையும் வைத்தாள். குலுக்கம் நின்றது. சில்லுக்கு மேலும் கீழும் காந்தப்புலம் கொடுக்கக் கம்பிச்சுருள் வேண்டியிருந்தது. பம்புசெட் மோட்டார் கட்டுகிற செந்தூர்வேலிடம் போனாள்.

"இது எந்தப் பம்புக்கு மேடம்?" என்று அவர் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"தண்ணி எறைக்காத பம்புக்கு, அண்ணாச்சி."

"அப்ப கவர்மென்ட் பம்பு" என்றார் செந்தூர்வேல். ஆனால் சுருளை ஒழுங்காகச் சுற்றிக் கொடுத்தார்.

அந்தக் கருவியில் முதன்முதலில் சுழல்கள் தெரிந்த அன்று பேச்சிச்செல்வியைக் கூப்பிட்டுக் காட்டினாள். வெளுத்த திரையில் அங்கங்கே சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள்.

"அம்மை போட்டிருக்கு" என்றாள் பேச்சிச்செல்வி.

அவள் சொன்னதில் தப்பில்லை, பார்வைக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் புள்ளி என்பது தொலைவிலிருந்து பார்க்கிற கண்ணுக்குத்தான். படலத்திலிருக்கும் ஒவ்வொரு அணுவையும் ஒரு குட்டிக் காந்த ஊசியாக வைத்துக்கொண்டால், புள்ளிக்கு வெளியே எல்லா ஊசிகளும் மேலே பார்க்கின்றன. நட்டநடுவில் கீழே பார்க்கின்றன. இடையில் இருக்கிறவை ஒன்றையடுத்து ஒன்று கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, ஒரு முழுச் சுற்றாகத் திரும்புகின்றன. அதனால்தான் சுழல் என்ற பெயர். ஸ்கிர்மியான் என்று புத்தகத்தில் இருக்கும். இந்த முடிச்சு லேசில் அவிழாது. அதுதான் அதன் பெருமை. படலத்தில் மின்சாரம் விட்டால், பாயும் எலக்ட்ரான்கள் இந்த ஊசிகளைத் திருப்பிவிட்டுக்கொண்டே போகும். ஊசிகள் இருந்த இடத்திலேயேதான் இருக்கின்றன, திரும்புவது மட்டும்தான். ஆனாலும் சுழல் இங்கிருந்து அங்கே நகர்ந்துவிடுகிறது. சுழல் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால், எந்தப் பாகமும் அசையாமல் தகவலை நகர்த்தலாம். உலகத்தில் பல பேர் இதன் பின்னால் ஓடுவதற்கு அதுதான் காரணம்.

அதில் ஒரு சங்கடம் உண்டு. சுழல் நேராகப் போவதில்லை. ஓடும்போதே ஒரு பக்கமாக ஒதுங்கும். அகலமான படலத்தில் ஒதுங்கினால் ஒதுங்கிவிட்டுப் போகட்டும். குறுகிய பட்டைக்குள் அடைத்துவிட்டால் ஒதுங்க இடமில்லை. உப்பளத்தில் பாத்திக்குத் தண்ணீர் விடும் ஓடையில் ஒரு சருகு மிதந்து வருகிற மாதிரி, அது கரையோரம் போய்விடும். நல்ல வேளையாக, பட்டையின் ஓரம் சுழலைத் திரும்ப உள்ளே தள்ளும். மின்சாரம் அளவாக இருந்தால், ஒதுக்குகிற வேகமும் ஓரத்தின் தள்ளுதலும் சமப்பட்டு, சுழல் ஓரத்தை ஒட்டியே ஓடி மறுமுனைக்குப் போய்ச் சேரும். மின்சாரம் அதிகமானால் ஓரத்தின் தள்ளுதலை மீறி வெளியே விழுந்து அழியும். மிகக் குறைந்தால் நகரவே நகராது. எனவே எல்லாம் அளவு.

அருணாசலவடிவு அனுப்பிய பட்டையில்தான் ஜெபசுதா முதன்முதலாக அடைபட்ட சுழல்களைப் பார்த்தாள். அவை சுவர்ப்பக்கத்து முனையில் பிறந்தன, ஓடின, ஓரத்தை ஒட்டின. ஜன்னல் பக்கத்து முனையை நெருங்கியதும் சுருங்கின, சுருங்கிக் காணாமல் போயின. ஒன்றுகூட முனையைத் தொடவில்லை. பட்டை வந்த நாளிலிருந்து இதே கதைதான்.

அன்று காலை ஒட்டிய கம்பி நன்றாகப் பிடித்துக்கொண்டது. முந்தின நாள் கழன்றதும் அந்தக் கம்பிதான். சுழல் சாவதற்கு அதுதான் காரணமாக இருக்கும் என்று ஒரு நப்பாசை அவளுக்கு இருந்தது. கருவியில் வைத்தாள், புலத்தைக் கொடுத்தாள், மின்சாரத்தைச் சின்னச் சின்னத் துடிப்புகளாக விட்டாள். தொடர்ந்து விட்டால் பட்டை சூடாகிவிடும் என்பதால் துடிப்புதான். ஒவ்வொரு துடிப்புக்கும் சுழல்கள் ஒரு எட்டு நகர்ந்தன. பாதிவரை நன்றாகப் போயின. முக்காலில் சுருங்கத் தொடங்கின. பிறகு இல்லை.

மின்சாரத்தைக் குறைத்தாள். மெதுவாகப் போய் அங்கேயே மறைந்தன. கூட்டினாள். வேகமாகப் போய் அங்கேயே மறைந்தன.

மதியம் டிக்சன் காலை ஷிப்டு முடித்து, வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டுச் சாப்பாட்டுக் கேரியரோடு வந்தான். காலையில் அவள் சாப்பாடு எடுக்காமல் ஓடிவந்தது அவனுக்குத் தெரியும். பேச்சிச்செல்விக்கும் சேர்த்தே கொண்டுவந்திருந்தான்.

"ஏளா சுதா, ஒன் சுழலு இன்னிக்காவது கரை சேந்துச்சா?"

"இல்லங்க. அந்த முனைக்குப் பக்கத்துல போனதும் செத்துப்போகுது."

"கரண்டைக் கூட்டிப் பாத்தியா?"

"பாத்தேன்."

"கொறச்சு?"

"கொறச்சும் பாத்தேன்."

"அப்ப சோத்தைத் தின்னு."

ஊளி மீன் குழம்பும் சோறும் இருந்தன. பசித்த வயிற்றோடு யோசிப்பதைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் உண்டு. பசித்த மூளை செக்குமாடு மாதிரி ஒரே தடத்தில்தான் சுற்றும். ஜெபசுதா இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டாள்.

"அண்ணாச்சி, நீங்க ஹார்பர்ல பெட்டி பெட்டியாத் தூக்குதிய. ஒங்க வீட்டம்மா கண்ணுக்கே தெரியாத ஒண்ணைத் தள்ள முடியாம ஒக்காந்திருக்காவ" என்றாள் பேச்சிச்செல்வி, மீன் முள்ளை எடுத்தபடி.

"கண்ணுக்குத் தெரிஞ்சா நானே தள்ளிருவேனே. இவ வேலை அது இல்லல்லா" என்றான் டிக்சன். சட்டைப்பையில் கார் சாவியைத் தேடிக்கொண்டே, "நாளைக்கு அந்த அக்காட்ட என்ன சொல்லப்போற?" என்று கேட்டான்.

"பட்டை அந்த முனையில கெட்டிருக்குன்னு சொல்லலாம்."

"அப்படித்தானா?"

ஜெபசுதா கேரியர் தட்டுகளை அடுக்கினாள். அப்படித்தானா என்பது அவளுக்கே தெரியாது. வடிவு வந்ததும் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான். அவருடைய பட்டையைக் குற்றம் சொல்லிவிட்டு, அது நிச்சயம் இல்லை என்று நிற்பது நோயாளியைப் பார்க்காமலே மருந்து எழுதிக் கொடுப்பது மாதிரி.

டிக்சன் போன பிறகு அவள் சில்லின் முன்னால் உட்கார்ந்து, கையைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். கெட்டது பட்டை என்றால், பட்டையைத் திருப்பி வைத்தால் கெட்ட முனை சுவர்ப்பக்கம் வந்துவிடும். சுழல்கள் சுவர்ப்பக்கத்தில் சாக வேண்டும். திருப்பி வைத்துப் பார்ப்பதுதான் வழி. ஆனால் திருப்புவதென்றால் நான்கு கம்பிகளையும் பிரித்து மறுபடி ஒட்ட வேண்டும். பசையைப் பிரிக்கும்போது படலமும் உரிந்து வந்துவிட்டால் பட்டையே போச்சு. நாளைக்குக் காட்ட இப்போது ஒரு குறையாவது கையில் இருக்கிறது. உரிந்துபோனால் அதுவும் இருக்காது.

"பேச்சியக்கா, கதவைச் சாத்துங்க. யாரு வந்தாலும் விடாதிய."

"என்ன செய்யப்போறிய?"

"இதைப் பிரிச்சுத் திருப்பி வைக்கப்போறேன்."

"காலையிலதானே ஒட்டுனிய?"

"அதான்."

பேச்சிச்செல்வி கதவைச் சாத்தி, ஃபேனையும் நிறுத்திவிட்டு, முக்காலியை வாசலுக்கு எதிரே போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

பசையின்மேல் அசிட்டோன் சொட்டு வைத்து, அது ஊறுகிறவரை ஜெபசுதா காத்திருந்தாள். புண்ணில் ஒட்டிய கட்டுத்துணியை எடுக்கிற மாதிரிதான்: நனைக்க வேண்டும், பொறுக்க வேண்டும், இழுக்கக்கூடாது. முதல் கம்பி தானாக மிதந்து வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவது, காலையில் ஒட்டியது, வர மறுத்தது. இன்னொரு சொட்டு வைத்தாள். கழுத்து வலித்தது, நிமிர்ந்து இரண்டு பக்கமும் திருப்பிவிட்டு மறுபடி குனிந்தாள். வந்துவிட்டது. நான்காவது சுலபமாக வந்தது. நுண்ணோக்கியில் பார்த்தாள். படலம் உரியவில்லை.

சில்லைத் திருப்பி வைத்து நான்கையும் மறுபடி ஒட்டி முடிக்கும்போது வெளியே கடைசி மணி அடித்துப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள். திரையைப் போட்டாள். சுழல்கள் பிறந்தன. துடிப்பு. நகர்ந்தன. இன்னொரு துடிப்பு. சுவர்ப்பக்கத்திலிருந்து ஜன்னல் பக்கம் போய்க்கொண்டிருந்தன. முக்கால் தூரத்தில் சுருங்கின, மறைந்தன.

ஜன்னல் பக்கத்திலேயேதான் மறைந்தன.

ஜெபசுதா சிரித்துவிட்டாள். பேச்சிச்செல்வி திரும்பிப் பார்த்தாள்.

"செத்துப்போச்சா மேடம்?"

"செத்துப்போச்சு."

"அதுக்கா சிரிக்கிய?"

"பட்டை நல்லாருக்குக்கா. எந்த முனையைக் காட்டினாலும் ஜன்னல் பக்கந்தான் சாகுது. கெட்டது வேற என்னமோ."

ஜன்னல் பக்கம் என்ன இருக்கிறது? ஜன்னல் இருக்கிறது, அதன் வழியே கடற்காற்று வருகிறது. சுவர்ப்பக்கம் இல்லாமல் ஜன்னல் பக்கம் மட்டும் இருப்பது என்ன? அவள் கண் நுண்ணோக்கியிலிருந்து இறங்கி, சில்லைத் தாங்கியிருக்கும் தட்டுக்கு வந்தது. தட்டை மேடையோடு பிடித்திருப்பவை நான்கு திருகுகள். சுவர்ப்பக்கத்து இரண்டும் மங்கிய மஞ்சள் நிறப் பித்தளை. ஜன்னல் பக்கத்து இரண்டும் பளபளவென்று வெள்ளையாக இருந்தன.

அவற்றை மாற்றியது அவளேதான்.

அந்த ஊரில் குடியிருக்கிற யாரும் செய்திருக்கக்கூடிய காரியம்தான். உப்புக்காற்று தூத்துக்குடியில் எதையும் விடாது. புது சைக்கிள் ஒரு மழைக்காலத்தில் பழையதாகிவிடும், கேட்டுத் தாழ்ப்பாள் பொரிந்து உதிரும். அதனால் துருவைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. எண்ணெய் போடு, பெயிண்ட் அடி, மாற்று. வடிவின் பட்டை வருகிறது என்று தெரிந்ததும் ஜெபசுதா கருவியை ஒரு விருந்தாளிக்கு வீட்டைக் கூட்டிப் பெருக்குகிற மாதிரிச் சுத்தம் செய்தாள். ஜன்னல் பக்கத்துப் பித்தளைத் திருகுகள் காற்றில் பச்சை பூத்திருந்தன. டிக்சனிடம் சொன்னாள். அவன் கப்பல் சாமான் விற்கிற கடையில் போய்க் கேட்டு வாங்கி வந்தான். ஏழு கடல் தாண்டினாலும் துருப்பிடிக்காது என்று கடை அண்ணாச்சி சொல்லியனுப்பினாராம். அவள் சந்தோஷமாக முடுக்கினாள். பட்டை வந்தது அதற்கு மறுநாள். திருகு மாற்றுவதற்கு முன்னால் பட்டை எப்படி ஓடியது என்று ஒப்பிட்டுப் பார்க்க அவளுக்கு ஒரு நாள்கூட இருக்கவில்லை.

சேலை முந்தானையில் குத்தியிருந்த பின்னைக் கழற்றினாள். சுருளில் மின்சாரம் ஓடும்போதே அதைத் தையல் நூலில் கட்டித் தொங்கவிட்டு, முதலில் பித்தளைத் திருகின் பக்கம் கொண்டுபோனாள். பின் நேராகத் தொங்கியது. ஜன்னல் பக்கம் கொண்டுபோனாள். பின் சாய்ந்து, 'டிக்' என்று திருகில் ஒட்டிக்கொண்டது.

பேச்சிச்செல்வி எழுந்து வந்து பார்த்தாள். "எவர்சில்வர் காந்தத்துல ஒட்டாதுன்னுல்லா சொல்லுவாங்க?"

"சில ஜாதி ஒட்டாது. சில ஜாதி நல்லா ஒட்டும். இது ஒட்டுத ஜாதி. சுருள்ல கரண்டு விட்டதும் இது ரெண்டும் காந்தமாயிருதுவோ. அந்தப் பக்கம் மட்டும் புலம் கூடிருது. புலம் கூடினா சுழலு சுருங்கும். சுருங்கி அவிஞ்சுரும்."

"அப்ப கரண்டு மேல தப்பே இல்லை."

"கரண்டு பாவம். அது பாட்டுக்குத் தள்ளிட்டுத்தான் இருந்திருக்கு."

"காந்தத்துக்குப் படிச்சவிய, காந்தத்தையே கொண்டாந்து பக்கத்துல வச்சிருக்கிய" என்றாள் பேச்சிச்செல்வி. முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொள்ள அவள் பெரும்பாடு பட்டாள்.

"சிரிச்சுருங்கக்கா. அடக்குனா நெஞ்சுல பிடிக்கும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் ஜெபசுதா, பச்சை பூத்த பழைய திருகுகள் எங்கே என்று கேட்டாள். அவை குப்பைக்குப் போகவில்லை. பித்தளையை யாராவது எறிவார்களா என்று பேச்சிச்செல்வி அன்றைக்கே எடுத்துப் புளி போட்டுத் தேய்த்து, அலமாரியில் ஒரு டம்ளருக்குள் போட்டு வைத்திருந்தாள். பச்சை போயிருந்தது. பளபளப்பு இல்லை, ஆனால் சுத்தமாக இருந்தன.

தட்டை ஒருவர் பிடிக்க, இன்னொருவர் திருகினார். சில்லை அசைக்காமல், ஒரு வெள்ளைத் திருகை எடுத்து அந்த ஓட்டையில் ஒரு பித்தளைத் திருகைப் போட்டு, பிறகு அடுத்ததை எடுத்தார்கள். ஜெபசுதா டிக்சனுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, ஒங்க கப்பல் ஸ்க்ரூதான்."

"அதுக்கு என்ன? துருப்பிடிச்சிட்டா?"

"பிடிக்கல. அது பிடிச்சுக்கிட்டு. காந்தம் ஒட்டுது."

"நான் கடையில துருப்பிடிக்காததுன்னுதானே கேட்டேன். நீ அவ்வளவுதான சொன்ன?"

"நான் அவ்வளவுதான் சொன்னேன். தப்பு என்ட்ட."

"அப்படிச் சொல்லு. எத்தனை மணிக்கு வார?"

"ஓடுதான்னு பாத்துட்டு வாரேன்."

ஓடியது. அவள் மிகக் குறைந்த மின்சாரத்திலிருந்து தொடங்கினாள். முதலில் சுழல்கள் அசையவே இல்லை. ஓர் அளவுக்கு மேல் கூட்டியதும் தயங்கித் தயங்கி நகரத் தொடங்கின. இன்னும் கொஞ்சம் கூட்டினாள். ஒரு பக்கமாக ஒதுங்கின, ஓரத்துக்குப் போயின, ஓரம் அவற்றைப் பிடித்து உள்ளே தள்ளியது. தள்ளியதும் ஓரத்தை ஒட்டியே, ஒன்றன்பின் ஒன்றாக, வரிசை கலையாமல் போயின. பாதி தாண்டின. முக்கால் தாண்டின. முனையில் போய் ஒன்றையொன்று முட்டாமல் இடம்விட்டு நின்றன. துறைமுகத்தில் வெளியே நங்கூரம் போட்டு முறைக்குக் காத்திருக்கிற கப்பல்கள் அப்படித்தான் நிற்கும்.

அவள் அத்தோடு விடவில்லை. மின்சாரத்தைத் திசைமாற்றிவிட்டாள். சுழல்கள் எதிர் ஓரத்துக்கு ஒதுங்கி, அந்த ஓரத்தை ஒட்டித் திரும்பி வந்தன. பிறகு மின்சாரத்தைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் ஓரத்தால் தாங்க முடியவில்லை. சுழல்கள் பட்டையின் நடு நீளத்திலேயே ஓரத்தைத் தாண்டி விழுந்து மறைந்தன. அதையும் பதிவு செய்தாள். இது வேறு சாவு. காரணம் தெரிந்த சாவு. எந்த அளவுக்குக் கீழே நகராது, எந்த அளவுக்கு மேலே நிலைக்காது என்று இரண்டு எல்லைகளும் இப்போது கையில் இருந்தன. நடுவில் இருக்கிற இடம்தான் இந்தப் பட்டையில் சுழல்கள் பிழைக்கிற இடம்.

வீட்டுக்கு நடக்கும்போது வெயில் முழுக்க இறங்கியிருக்கவில்லை. முந்திரி மக்ரூன் கடையில் ஒரு பொட்டலம் வாங்கினாள். டிக்சன் வாசலில் அவள் நடையைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் பொட்டலத்தை வாங்கிப் பிரித்தான்.

மறுநாள் காலை அருணாசலவடிவு கோயில் விபூதி நெற்றியோடு வந்தார். ஆட்டோவிலிருந்து இறங்கியபோதே, "என்ன காத்துடி இது, முகமெல்லாம் பிசுபிசுன்னு" என்றார். ஆய்வகத்துக்குள் வந்ததும் கிரானைட் பலகையைத் தட்டிப் பார்த்தார், ஸ்கூட்டர் டியூபைக் குனிந்து பார்த்தார். நாற்காலியை இழுத்துத் திரைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார்.

"ம். ஓட்டு."

ஜெபசுதா ஓட்டினாள். சுழல்கள் போயின. வடிவு கண்ணாடியைக் கழற்றி, முந்தானையால் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"இன்னொரு தடவ."

இன்னொரு தடவையும் போயின. திரும்பியும் வந்தன.

"ஒரு முனையில நிக்கவே மாட்டேங்குதுன்னு எழுதியிருந்தியே சுதா? எங்க ஃபேப்ரிகேஷன்ல எங்கயோ கோளாறுன்னு நான் ஊருக்குப் புறப்படும்போதே அந்தப் பையங்களைத் திட்டிட்டு வந்தேன்."

"திட்டுனதுக்கு மன்னிப்புக் கேட்டுருங்க வடிவக்கா. கோளாறு எங்க ஸ்க்ரூல." திருகுக் கதையை ஜெபசுதா உள்ளபடியே சொன்னாள், டிக்சனைப் போட்டுக்கொடுக்காமல்.

வடிவு கேட்டு முடித்துவிட்டு, "திருப்பி வச்சியா? நாலு கம்பியையும் பிரிச்சா?" என்றார். "கையைக் காட்டு."

ஜெபசுதா கையை நீட்டினாள். வடிவு அதைப் பிடித்துப் புரட்டிப் பார்த்துவிட்டு விட்டார். "ஃபிலிம் உரியல?"

"உரியல."

"நானா இருந்தா பிரிச்சிருக்க மாட்டேன். பட்டையைக் குத்தம் சொல்லிட்டுப் போயிருப்பேன்." அவர் திரும்பித் திரையைப் பார்த்தார். "சரி. அடுத்த செட்டு என்ன அகலத்துல வேணும்?"

பின்னாலிருந்து பேச்சிச்செல்வி தொண்டையைச் செருமினாள். அவள் மகிழ்ச்சியைக் காட்டுகிற முறை அது.

"இதுல பாதி அகலத்துல ஒண்ணு" என்றாள் ஜெபசுதா. முந்தின சாயங்காலமே அதை யோசித்து வைத்திருந்தாள். "நடுவுல ஒரு வளைவு வச்சு இன்னொண்ணு. வளைவுல திரும்பும்போது ஓரம் எப்படித் தள்ளுதுன்னு பாக்கணும். ரெண்டு சுழலு பக்கத்துல பக்கத்துல வந்தா ஒண்ணையொண்ணு தள்ளுதான்னும் பாக்கணும்."

"வளைவு கஷ்டம்."

"கஷ்டந்தான்."

"செஞ்சு அனுப்புதேன். கூரியர்ல போடமாட்டேன். ஊருக்கு வாரவன் யார்ட்டயாவது கையில கொடுத்துவிடுதேன்."

முதல் மணி அடித்தது. ஜெபசுதாவுக்கு வகுப்பு. வடிவு நாற்காலியிலிருந்து எழுந்திருப்பதாகத் தெரியவில்லை. துடிப்பு விடும் பொத்தானில் ஏற்கெனவே கையை வைத்திருந்தார்.

"நீ போ. நான் இங்கனயே இருந்து கொஞ்சம் ஓட்டிப் பாக்குதேன். அம்மா, ஒங்க பேரு என்ன?"

"பேச்சிச்செல்வி."

"பேச்சி, எனக்கு ஒரு டீ கிடைக்குமா?"

"கிடைக்கும் மேடம். ஆனா அந்தப் பலகை மேல வைக்கப்பிடாது, கைலதான் வச்சிக்கிடணும்" என்றாள் பேச்சிச்செல்வி.

ஜெபசுதா கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக்கொண்டாள். மேசையிலிருந்து சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். முதலாமாண்டுக்கு அன்று ஓம் விதி.